பெருமாள் கோயிலும் பந்தயத் திடலும்

தைப்பூசத் திருநாளன்று பால்குடமும் காவடியும் ஏந்திய அடியார்கள், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, டேங்க் ரோடு அருள்மிகு தெண்டாயுதபாணி ஆலயத்தை நாடிச் செல்வதைச் சிங்கையில் வாழும் யாவரும் அறிவர். தீமிதித் திருவிழாவின்போது பூக்குழி இறங்கும் பக்தர்களும் இதே பெருமாள் சந்நிதியிலிருந்துதான் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் ஆலயத்திற்கு ஊர்வலமாகச் செல்கின்றனர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கால்கள் மிதித்துச் செல்லும் இவ்வாலயத்தின் பின்புறம், ரேஸ் கோர்ஸ் ரோட்டைக் கடந்தால், சில நிமிட நடையில் ஒரு சமவெளி வரும். ஃபேரர் பார்க் திடல் என்று இன்று அதனை அழைக்கிறோம். ஆலயத்தின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். ஆலயத்தின் அண்டை நிலமாகிய அத்திடலின் வரலாற்றை நம் மலர்களில் எவரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து நோக்கினால்தான் இப்பகுதியில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வு முழுமையாக விளங்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ரேஸ் கோர்ஸ் ரோடு என்றால் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது வாழையிலை உணவகங்களும் மீன் தலைக்கறியுமே. ரேஸ் எங்கே, கோர்ஸ் எங்கே என்று கேட்பவர் அரிது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் குதிரைகள் ஓடிய நிலம் அது. அந்தக் குதிரைத் தடத்தின் வளையத்திற்குள்தான், இத்தீவில் முதன்முதலாகக் குழிப்பந்தாட்டம் என்னும் கோல்ஃப் ஆட்டமும் தொடங்கியது.

நீரும் சேறும்

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் பழைய நகரத்தை அடுத்து, ரோச்சோர் ஆற்றின் வடிநிலமாகக் கிடந்தது இப்பகுதி. மேடு பள்ளம் இல்லாத தாழ்ந்த நிலம். மழை பெய்தால் தேங்கும். கடல் ஏற்றம் கண்டால் ஆறு எதிர்த்து நிற்கும். இத்தகைய நிலத்தில் மாளிகை கட்ட வெள்ளையர் விரும்பவில்லை. அவர்கள் குன்றுகளை நாடினர். ஆனால் எருமைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? கிடந்து புரள நீரும், மேய்வதற்குப் புல்லும் குறைவில்லாமல் கிடைத்தன. ஆகவே கால்நடை வணிகம் இங்கே வேரூன்றியது. எருமைத் தொழுவம் என்னும் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும், பஃபலோ ரோடு என்ற ஆங்கிலப் பெயரும் அதற்குச் சான்று. கால்நடை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய யூத வணிகர் பெலிலியோஸின் பெயரைத் தாங்கிய சாலை, இன்றும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை ஒட்டியே செல்கிறது. அவ்வாலயத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று வழங்கினர். அருகிலிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. கம்போங் கப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கும் அதுவே பொருள். சிறுமூங்கில் அடிவாரம் என்று சீனர் ஹொக்கியன் மொழியில் சொன்னதே தேக்கா ஆயிற்று.

செங்கற் சூளைகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இத்தீவில் 1873ஆம் ஆண்டு வரையில் சாலை போட்டனர், சதுப்பு வடித்தனர், செங்கல் அறுத்தனர், கட்டடம் எழுப்பினர். இன்றைய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கைபட்டு எழுந்தவை. சிராங்கூன் சாலைச் சூளைகளிலும் அவர்களது உழைப்பு உண்டு.

இங்கே ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நலம். ஆங்கிலேயர் இந்தியருக்கென்று ஒதுக்கிய இடமே சிராங்கூன் சாலை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டத்தில், தென்னிந்தியருக்குக் குறிக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் ஆற்றின் மேற்புறம். சூலியா கம்பம் என்பது அதன் பெயர். சிராங்கூன் சாலைக்கு நம்மவரை எவரும் கொண்டுவந்து குடிவைக்கவில்லை. மாடு இருந்தது, சூளை இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. வேலை இருந்த இடத்திற்கு வேலை செய்பவர் வந்தனர். வந்தவர் தெய்வத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

இரண்டு அண்டை வீட்டார்

சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்னும் குதிரைப் பந்தயச் சங்கம் 1842ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் தோன்றியது. வில்லியம் ஹென்றி ரீட் போன்ற ஐரோப்பிய வணிகர்கள் அதனைத் தோற்றுவித்தனர். இந்தச் சதுப்பை ஒட்டிய சமவெளியில் தடம் அமைத்து, 1843ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் முதற்பந்தயம் ஓடவிட்டனர். எருமைக்கு உகந்த நிலம் குதிரைக்கும் உகந்ததாயிற்று. குதிரை ஓடச் சமதரை வேண்டும். நீண்ட வளையம் வேண்டும். நகரத்திலிருந்து வண்டியில் வந்து மாலையில் திரும்பும் தொலைவில் இருக்கவேண்டும். இம்மூன்றும் ஒருசேரக் கிடைத்த இடம் இதுவே.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1855ஆம் ஆண்டு, தடத்திற்குக் கிழக்கே சிராங்கூன் சாலை ஓரத்தில் நரசிம்மப் பெருமாள் ஆலயம் எழுந்தது. அதற்கான நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது என்பது ஆலய வரலாற்றில் நிலைத்த செய்தி. அந்நாளில் இங்கே டாலர் அன்று, ரூபாயே கம்பெனியின் கணக்கு நாணயம். ஆலயத்தைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களும் குளங்களும் இருந்தன. அருகே ஓடிய ஓடையில் நீராடிய பின்னரே பக்தர்கள் சந்நிதிக்கு வந்தனர். குதிரைத் திடலுக்குத் தொல்லையாய் இருந்த அதே நீர், பெருமாள் அடியார்க்குத் தீர்த்தமாயிற்று. ஒரே நீர்தான். வேலியின் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது சேறாகவும் தோன்றும், தீர்த்தமாகவும் தோன்றும்.

பந்தய நாள்கள் ஊருக்கே விடுமுறை போன்றவை. மேடையில் ஐரோப்பியர் அமர்ந்திருக்க, தடத்தின் வெளியே எல்லா இனத்தாரும் கூடி நின்று பார்த்தனர். குதிரைகளைப் பேணியவர்களில் பாவியன் தீவிலிருந்து வந்த போயானியரும் இந்தியரும் இருந்தனர். குதிரைக்குப் பெயர் உண்டு, உரிமையாளருக்குப் பெயர் உண்டு, ஏறி ஓட்டியவருக்கும் பெயர் உண்டு. அவையெல்லாம் ஏட்டில் ஏறின. புல் அறுத்தவர், தடம் சமன் செய்தவர், வடிகால் தூர் வாரியவர் பெயர்கள் ஏறவில்லை. ஆலயத்து நன்கொடைப் பலகைகளில்தான் அத்தகையோர் பெயரைத் தேட வேண்டும்.

குழிப்பந்தாட்டம் வந்த கதை

குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்தில் பிறந்தது. அங்கே கடற்கரை ஓரத்து மணல் மேடுகளில், ஆடு மேய்ந்து கறம்பிய புல்லின் மேல் ஆடினர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே எழுந்த கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழையது, 1829ஆம் ஆண்டு கல்கத்தா நகரில் தோன்றியது. அங்கிருந்து கிழக்கு நோக்கி, ஆங்கிலக் கொடி பறந்த இடமெங்கும் இவ்வாட்டம் பரவியது.

சிங்கப்பூரில் 1891ஆம் ஆண்டு சிங்கப்பூர் கோல்ஃப் சங்கம் தோன்றியது. அதற்கு முதன்மையாக நின்றவர் நீதிபதி ஜான் டாங்கர்வில் கோல்ட்னி. திடலுக்கு அவர்கள் வேறெங்கும் நிலம் தேடவில்லை. குதிரைத் தடத்தின் நடுவே, ஆண்டில் பெரும்பாலான நாள் வெறுமையாகக் கிடந்த புல்வெளியில் 9 குழிகளை அமைத்துக்கொண்டனர். இன்றைய 18 குழித் திடல் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 ஹெக்டர் வரை நிலம் தேவைப்படுகிறது. அன்று அவ்வளவு ஆடம்பரம் இல்லை. ஏற்கெனவே சமன்படுத்தப்பட்டு, வேலியிடப்பட்டு, வடிகால் வெட்டப்பட்ட நிலம் நகரத்தின் வாயிலிலேயே கிடைத்தபோது அவர்கள் வேறிடம் நாடுவானேன்?

இந்த ஏற்பாடு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கிண்டியிலும் குதிரைப் பந்தயத் தடத்தின் உட்புறத்திலேயே ஜிம்கானா சங்கத்தின் கோல்ஃப் திடல் அமைந்தது. காரணம் எளிது. பந்தயத் தடம் என்பது ஒரு பெரிய வளையம், குதிரை ஓடுவது வளையத்தின் விளிம்பில், நடுவயிறு காலி. அந்த நடுவயிற்றை நிரப்ப வந்ததே கோல்ஃப். அதிலும் சமவெளித் திடலில் ஆடுவோர்க்கு ஒரு குறை உண்டு. இயற்கையான மேடும் பள்ளமும் இல்லாததால் ஆட்டத்தில் சுவை குன்றும். ஆகவே வடிகாலையும், தேங்கிய நீரையும், குதிரைத் தடத்தின் வேலியையுமே தடையாகக் கொண்டு ஆட வேண்டியதாயிற்று.

அச்சங்கம் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. ஆசியர் அங்கே உறுப்பினராக முடியவில்லை. இதனை இன்று நாம் சினத்தோடு சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லாமல் விடவும் கூடாது. பெருமாள் கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் ஒரு புல்வெளி. மணியடித்தவரின் மகன் அங்கே உழைக்கலாம், ஆட முடியாது. அவ்வளவுதான் செய்தி.

இதே திடலில் இன்னொரு புதுமையும் நிகழ்ந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் இங்கிருந்து ஒரு பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில் மேலெழும்பினார். சிங்கப்பூர் வானில் பறந்த முதல் விமானம் அது. சமவெளியின் பயன் மீண்டும் வெளிப்பட்டது. ஓடி எழும்ப அக்காலத்தில் வேறு இடம் இல்லை. 1919ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித் குழுவினரின் பெரிய விக்கர்ஸ் விமி விமானம் இங்கே இறங்கியது. அவ்விமானத்திற்கு இத்திடல் சிறிது. வேகம் தணியாமல் வேலியில் மோதிவிடும் என்று அஞ்சிய நிலையில், பென்னட் என்னும் இயந்திரப் பணியாளர் தம் இருக்கையை விட்டு ஏறி, விமானத்தின் முதுகின்மேல் வழுக்கிச் சென்று வால்புறத்தில் அமர்ந்தார். அவர் உடல் எடையால் வால் தாழ்ந்து விமானம் நின்றது. பெருமாள் கோயில் பக்கத்தில் இப்படி ஒரு காட்சியா என்று வியக்கத் தோன்றுகிறது. அன்று மாட்டு வண்டியோடு நின்று அதைக் கண்டவர்கள் வீட்டிற்குச் சென்று எவ்வாறு சொல்லியிருப்பார்கள்!

திடல் காலியானது

நகரம் வளர்ந்தது. சுற்றிலும் வீடுகள் நெருங்கின. சிங்கப்பூர் கோல்ஃப் சங்கம் 1924ஆம் ஆண்டு இச்சமவெளியை விட்டு நீங்கிப் புக்கிட் தீமா மேட்டுநிலத்துக்குச் சென்றது. ஸ்போர்ட்டிங் கிளப் அதே ஆண்டில் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என்று பெயர் மாறியது. 1933ஆம் ஆண்டு அதுவும் புக்கிட் தீமாவில் பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் புதிய தடம் அமைத்துக் குடிபெயர்ந்தது.

கோல்ஃப் வரலாற்றில் அடுத்து வந்த மாற்றம் நாம் அறிய வேண்டியது. எல்லா இனத்தாரும் சேர்ந்து ஆடத்தக்க சங்கம் வேண்டும் என்ற கருத்து 1920களிலேயே எழுந்தது. அதன் பயனாக ஐலண்ட் கிளப் உருவாகி, 1932ஆம் ஆண்டு ஆளுநர் சிசில் கிளமெண்டியால் திறந்து வைக்கப்பட்டது. இன வேறுபாடின்றி உறுப்பினரைச் சேர்த்த சங்கம் அது. பழைய ஐரோப்பியர் சங்கமும் ஐலண்ட் கிளப்பும் 1963ஆம் ஆண்டு ஒன்றிணைந்து சிங்கப்பூர் ஐலண்ட் கண்ட்ரி கிளப் ஆயின. 1891க்கும் 1963க்கும் இடைப்பட்ட காலம் 72 ஆண்டு. அத்தனை ஆண்டு ஆயிற்று, ஒரு பந்தை அனைவரும் சேர்ந்து அடிக்க.

பழைய பந்தய நிலத்தில் மேம்பாட்டு அறக்கட்டளை வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் அமைந்தன. 1919 முதல் 1931 வரை நகராண்மைக் கழகத் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரர் பெயரால் ஃபேரர் பார்க் ஆயிற்று. அங்குள்ள தெருக்களுக்கு ஹாம்ப்ஷயர், டார்செட், குளோஸ்டர், நார்ஃபோக், கென்ட் என்று இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்களைச் சூட்டினர். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு இப்பால் எருமைச் சாலை, பெருமாள் ரோடு, வீராசாமி ரோடு, ஹிந்து ரோடு, அப்பால் இங்கிலாந்து. தெருப்பெயர்ப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு நடந்தாலே பழைய வேலி எங்கே இருந்தது என்று கண்டுகொள்ளலாம்.

1942, பிப்ரவரி 17

இத்திடலின் வரலாற்றில் எவரும் மறக்கலாகாத நாள் இது. பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். இந்தியப் படையினர் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 45,000 என்பர். சீக்கியர், டோக்ரா, கர்வாலி எனப் பல மொழியினர், பல சமயத்தினர். ஓய்வின்றிப் போரிட்டு, மலாயாவின் வடகோடியிலிருந்து பின்வாங்கி வந்தவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஹன்ட் சில சொற்களே பேசினார். அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாகவும், இனி அவர்தம் ஆணைப்படி நடக்க வேண்டும் என்றும் சொல்லி முடித்தார். அடுத்து ஜப்பானிய உளவுப் பிரிவைச் சேர்ந்த மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அது ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பெயர்த்துச் சொல்லப்பட்டது. பின்னர் கேப்டன் மோகன் சிங் பேசி, இந்திய விடுதலைக்காகப் படை ஒன்று அமைக்கப்படும் என்று அறிவித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் இத்திடலில் அன்று பிற்பகல் நிகழ்ந்தது எனலாம்.

அன்று திடலில் நின்ற ஒவ்வொருவர் முன்னும் இருந்த கேள்வியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்த உறுதிமொழி ஒரு பக்கம். தாய்நாட்டு விடுதலை ஒரு பக்கம். ஒரு சொல்லும் ஆறுதல் கூறாமல் கைவிட்டுச் சென்ற மேலதிகாரி ஒரு பக்கம். அணுக முடியாத அந்நியன் மறுபக்கம். பலர் புதிய படையில் சேர்ந்தனர். பலர் மறுத்தனர். மறுத்தவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நியூகினி முதலிய தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டு, பசியாலும் நோயாலும் கொடுமையாலும் மாண்டனர். சேர்ந்தவரை வீரர் என்றும் மறுத்தவரை அடிமை என்றும் கூறும் எழுத்துகளை நாம் படித்திருக்கிறோம். அதற்கு நேர்மாறான எழுத்துகளும் உள்ளன. இரண்டும் அத்திடலில் நின்றவர்க்கு நீதி செய்வன அல்ல என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மோகன் சிங் அமைத்த முதற்படை ஜப்பானியருடன் ஏற்பட்ட பிணக்கால் 1942ஆம் ஆண்டு இறுதியில் கலைந்தது. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பின்னரே அது புத்துயிர் பெற்றது. அப்போதுதான் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் சிங்கை வீதிகளிலிருந்தும் தமிழ் இளைஞர்களும் ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். துப்பாக்கியைக் கண்டிராத ரப்பர் மரம் சீவிய கைகள் அவை.

பிற்காலம்

போருக்குப் பின் இத்திடல் மக்களுடையதாயிற்று. 1950களில் அரசியல் கூட்டங்களும் தொழிற்சங்கக் கூட்டங்களும் இங்கே நடைபெற்றன. 1957ஆம் ஆண்டு நீச்சல் குளம் திறக்கப்பட்டது. காற்பந்து, ஓட்டப்பந்தயம், ஹாக்கி, குத்துச்சண்டை ஆகியவற்றில் பல தலைமுறை இளைஞர் பயின்றனர். 1891இல் சிலருக்கு மட்டும் திறந்திருந்த புல்லில் எந்தச் சிறுவனும் பந்தோடு ஓட முடிந்தது.

ஆலயமும் வளர்ந்தது. 1907ஆம் ஆண்டு அறக்கட்டளை வாரியத்தின் நிர்வாகத்தில் வந்த பெருமாள் ஆலயம், 1960களில் புதுப்பிக்கப்பட்டு, 1966ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டு, ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் என்னும் பெயர் பெற்றது. 1978ஆம் ஆண்டு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வள்ளல் பி. கோவிந்தசாமிப் பிள்ளை அவர்களின் பொருளுதவியால் எழுந்த ஐந்து நிலை இராஜகோபுரத்திற்கு 1979ஆம் ஆண்டு நன்னீராட்டு நடைபெற்றது. ஓடையும் குளமும் மறைந்தன; நிலத்தடியில் இரயில் ஓடலாயிற்று. வடகிழக்கு வழித்தடமும் ஃபேரர் பார்க் நிலையமும் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்டன. அதே ஆண்டில் நீச்சல் குளம் மூடப்பட்டது.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டியுள்ளது. பல ஆண்டுகளாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் இப்பகுதியில் கூடுகின்றனர். கோயிலுக்குச் செல்கின்றனர், ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர், புல்வெளி கண்ட இடத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகின்றனர். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம் நாட்டையே அதிரவைத்தது. விசாரணைக் குழு ஆராய்ந்தது; மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. சட்டத்தை மீறியவர் தண்டனை பெற்றனர், அது முறையே. எனினும் அந்தத் தொழிலாளர்கள் அங்கு வந்ததற்கான காரணம், 1850களில் சூளைக்கும் தொழுவத்துக்கும் வந்த நம் முன்னோரின் காரணத்திலிருந்து வேறன்று. வார நாள் முழுதும் உழைத்தவனுக்கு ஒரு நாள் உட்காரச் சமதரை வேண்டும். கும்பிடத் தெய்வம் வேண்டும். இரண்டும் அருகருகே கிடைக்கும் இடம் இது.

சிங்கப்பூரில் நிலம் அரிது. கோல்ஃப் திடல்களும் இதற்கு விலக்கல்ல. ஜூரோங் கண்ட்ரி கிளப் 2016இலும், ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப் 2018இலும் அரசுக்கு நிலத்தைத் திருப்பி ஒப்படைத்தன. புக்கிட் தீமா பந்தயத் திடல் 1999ஆம் ஆண்டு மூடப்பட்டுக் கிராஞ்சிக்கு மாறியது. கிராஞ்சியிலும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாளோடு பந்தயம் நின்றது. 1843ஆம் ஆண்டு நம் கோயில் பின்புறம் தொடங்கிய ஓட்டம் அன்று முடிவுற்றது. அண்டை நாட்டிலும் இதுவே நடப்பு. கோலாலம்பூர் அம்பாங் சாலைப் பந்தயத் திடலில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. கிண்டிப் பந்தய நிலத்தைத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு திரும்ப எடுக்க முற்பட்டதையும் செய்தித்தாள்களில் படித்தோம்.

ஃபேரர் பார்க் திடலும் வீடுகளுக்காக ஒதுக்கப்பட்டது. அது பற்றி வெளியான அறிவிப்பைக் கண்டு, அங்கே ஆடி வளர்ந்த முன்னாள் விளையாட்டு வீரர்கள் பலர் வருந்தினர். அதன்பின் 2021ஆம் ஆண்டு அதிகாரிகள் வெளியிட்ட திட்டத்தில், புதிய வீவக வீடுகளோடு விளையாட்டு வசதிகளையும் இணைத்து, பழைய குத்துச்சண்டைக் கூடத்தின் கட்டடத்தைக் காத்துக்கொள்வதாக உறுதியளித்தனர். இளந்தம்பதியர்க்கு வீடு வேண்டும் என்பதை எவர் மறுப்பார்? நம் ஆலயத்திற்கு நடந்து வரும் தொலைவில் புதிய குடும்பங்கள் குடியேறுவது மகிழ்ச்சியே. ஆயினும் பழைய குளமும் ஓடையும் சுண்ணாம்புக் காளவாயும் எப்படி இருந்தன என்று காட்ட ஒரு படமேனும் நம்மிடம் இல்லையே என்று இன்று ஏங்குகிறோம் அல்லவா? திடலுக்கும் அந்நிலை வராதிருக்க வேண்டும்.

ஆலய உறுப்பினர்களுள் பலருடைய பெற்றோரும் பாட்டனாரும் சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வாழ்ந்தவர்கள். ஃபேரர் பார்க் திடலில் எடுத்த காற்பந்துக் குழுப் படம், பள்ளி விளையாட்டு நாள் படம், பழைய நீச்சல் குள நுழைவுச் சீட்டு, 1942ஆம் ஆண்டு அங்கே நின்ற உறவினரைப் பற்றிய கடிதம் எதுவாயினும் வீட்டுப் பெட்டியில் கிடக்கக்கூடும். அவற்றை ஆலய அலுவலகத்தில் காட்டினால் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். படத்தின் பின்புறம் ஆண்டையும், நிற்பவர் பெயரை இடமிருந்து வலமாகவும் பென்சிலால் எழுதித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.